ஒரு புறாவும் மூன்று அவைகளும்



கடற்கரையில் வானரப் படை இறங்கியிருக்கிறது. எதிரே கடல், கடலுக்கு அப்பால் இலங்கை. அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஐந்து பேர். நால்வர் துணைக்கு வந்தவர்கள்; நடுவில் நிற்பவன் எதிரி அரசனின் கூடப்பிறந்த தம்பி. கைகளில் ஆயுதம் வேறு. தரையில் இறங்காமல் அங்கே நின்றபடியே தான் யார் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறான்: இராவணனுக்குத் தம்பி வீடணன், சீதையைத் திருப்பி அனுப்பச் சொன்னதற்காக அவமானப்பட்டவன், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு இராமனிடம் அடைக்கலம் தேடி வந்திருப்பவன்.

உள்ளே விடலாமா?

இந்த ஒரு கேள்விக்காக வால்மீகி யுத்த காண்டத்தில் முழு ஆலோசனைக் கூட்டமே நடத்துகிறார். சுக்ரீவன் முதலில் பேசுகிறான். வந்தவன் ஒற்றன், நம்பவைத்து உள்ளே நுழைந்து சமயம் பார்த்து அடிப்பான், நால்வரோடு சேர்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. அங்கதன் கொஞ்சம் தணிந்து, சோதித்துப் பார்த்துக் குணம் மிகுந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறான். ஒற்றனை அனுப்பி விசாரிக்கச் சொல்கிறான் சரபன். சாம்பவானுக்கு அவன் வந்த நேரமும் சரியில்லை, இடமும் சரியில்லை. மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது மைந்தனின் யோசனை. இன்றைக்கு ஏதாவது ஒரு நாட்டின் குடிவரவுத் துறையில் அகதி விண்ணப்பம் ஒன்றை வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தாலும் இந்த ஐந்துக்கு மேல் ஆறாவது யோசனை எளிதில் வராது.

சுக்ரீவன் விடுவதாக இல்லை. ஆபத்தில் இருக்கும் சொந்த அண்ணனையே கைவிட்டு வந்தவன் வேறு யாரைத்தான் கைவிட மாட்டான் என்று மறுபடியும் கேட்கிறான். கேட்பவன் யார்? அண்ணன் வாலிக்குப் பயந்து ருசியமூக மலையில் பதுங்கிக் கிடந்தவன். மதங்க முனிவரின் சாபத்தால் வாலி கால்வைக்க முடியாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கிருந்துகொண்டு, அண்ணனைக் கொல்ல அந்நியன் ஒருவனோடு அக்கினி சாட்சியாக நட்பு ஒப்பந்தம் செய்தவன். அந்த ஒப்பந்தம்தான் இன்று அவன் தலையில் கிரீடமாக இருக்கிறது. முன்னால் வந்த அகதி, பின்னால் வருகிற அகதிக்குக் கதவைச் சாத்தப் பார்க்கிறான். வால்மீகி இதை விரல் நீட்டிச் சுட்டுவதில்லை. இராமன் இலக்குவனைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்தான் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்.

கதைகளில் வரும் அரசர்கள் அகதியையும் எதிரியையும் எப்படி நடத்துகிறார்கள் என்று பேச வருபவர்கள் வழக்கமாக இரண்டு பெட்டிகளைக் கையோடு கொண்டுவருவார்கள். ஒன்றின் மேல் ‘இலட்சியம்’, இன்னொன்றின் மேல் ‘யதார்த்தம்’. இராமன் முதல் பெட்டிக்குள். சுக்ரீவனும் சாம்பவானும் இரண்டாவதற்குள். ஆனால் வால்மீகியின் கூட்டத்தில் யதார்த்தத்தை மிகக் கூர்மையாகப் பேசியது அவர்கள் இருவருமல்ல. அனுமன்.

அனுமன் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறான். நேரில் வந்து நிற்பவனைப் பற்றி அறிய ஒற்றன் எதற்கு? நேரமும் இடமும் தவறு என்பதும் சரியல்ல. இவனைப் போன்றவன் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. பிறகுதான் முக்கியமான வாதம் வருகிறது. வாலி கொல்லப்பட்டதையும் அவன் தம்பிக்கு முடிசூட்டப்பட்டதையும் இவன் கேள்விப்பட்டிருக்கிறான், தனக்கும் ஒரு நாடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான், ஆகவே சேர்த்துக்கொள்ளலாம். இந்த ‘ஆகவே’யைக் கவனிக்க வேண்டும். வந்தவனுக்கு ஆசை இருக்கிறது, ஆகவே சந்தேகப்படு என்று அனுமன் சொல்லவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிகிறது, அது நம்மிடம்தான் கிடைக்கும், ஆகவே நம்பு என்கிறான்.

இராமனும் முதலில் அதே வழியில்தான் போகிறான். எல்லாத் தம்பிகளும் பரதன் ஆகிவிட மாட்டார்கள் என்கிறான். அரச குடும்பங்களில் பங்காளிகளுக்குள் பகை இயல்பு, இவன் அரசை விரும்பி வந்திருக்கிறான், நாம் இவனுக்குப் பங்காளிகள் இல்லை, ஆகையால் நம்மால் இவனுக்கு ஆபத்தில்லை, இவனால் நமக்கும் இல்லை. அதற்குப் பிறகே அறம் வருகிறது. தன் பேடையைப் பிடித்துவைத்திருக்கும் வேடனே தன் மரத்தடியில் குளிரில் ஒடுங்கி வந்து கிடக்க, அவனை விருந்தாளியாக ஏற்றுத் தன் உடலையே உணவாகக் கொடுத்த ஆண்புறாவின் கதையை இராமன் நினைவூட்டுகிறான். ஒருமுறை வந்து ‘உன்னவன்’ என்று சொன்ன எவருக்கும் அபயம் தருவது தன் விரதம் என்கிறான். வந்திருப்பவன் இராவணனாகவே இருந்தாலும் சரி என்கிறான்.

இந்தக் கணக்குக்கும் அறத்துக்கும் நடுவே, மேடைகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. பிசாசர், அசுரர், யட்சர், பூமியிலுள்ள அரக்கர் எல்லாரையும் விரல் நுனியால் கொல்ல முடிந்த எனக்கு இவன் ஒருவன் என்ன செய்துவிட முடியும் என்று இராமன் கேட்கிறான். தாராள மனத்துக்குப் பின்னால் பலம் நிற்கிறது. வால்மீகி அதை மறைக்கவில்லை. வீடணன் இறங்கி வந்ததும் இராமன் செய்யும் முதல் காரியம் இலங்கையின் படைபலத்தைப் பற்றி அவனிடம் விவரம் கேட்பது. பிறகு கடல்நீரைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கரையிலேயே அவனை இலங்கைக்கு அரசனாக அபிஷேகம் செய்விப்பது. அடுத்தபடியாக அனுமனும் சுக்ரீவனும் புதிய அரசனிடம் கேட்பது, இந்தக் கடலை எப்படித் தாண்டுவது என்று.

கம்பன் இந்தக் காட்சியை வீடணன் அடைக்கலப் படலமாக விரிக்கும்போது நிறம் மாற்றுகிறான். சுக்ரீவன், சாம்பவான், நீலன் என்று மறுப்பவர்கள் மறுக்கிறார்கள். அனுமன் அங்கே சாட்சி சொல்ல எழுகிறான். தன்னைக் கொல்ல இராவணன் ஆணையிட்டபோது தூதனைக் கொல்லலாகாது என்று தடுத்தவன் இவன். சீதையைத் தேடி இரவில் ஊரை அலசியபோது இவன் வீட்டில் கள்ளும் இறைச்சியும் இல்லை. சிறையிருந்தவளுக்கு ஆறுதலாக இருந்த திரிசடை இவன் மகள். எல்லாம் நேரில் பார்த்த தடயங்கள். இராமன் சிபியை நினைவூட்டுகிறான், வேடனுக்கு விருந்தான புறாவை நினைவூட்டுகிறான், ஏற்றுக்கொள்கிறான். அதன் பிறகுதான் தமிழ் படித்தவர் எவருக்கும் தெரிந்த அந்தக் கணக்கு: குகனோடு ஐந்து, சுக்ரீவனோடு ஆறு, உன்னோடு ஏழு. நாடும் தருகிறான். வீடணனோ பரதனைப் போல இராமனின் பாதுகையையே முடியாகக் கேட்கிறான்.

கவிதையாக இது எட்ட முடியாத இடம். அரசியலாகப் பார்த்தால் கம்பன் ஒன்றைத் துடைத்துவிட்டான் என்றே சொல்ல வேண்டும். அடைக்கலம் கேட்பவனுக்குத் தன்னலம் இருக்கலாம், அதை வெளியே சொல்லலாம், அதனால் அவன் தகுதி குறையாது என்ற வால்மீகியின் முரட்டு வெளிப்படைத்தன்மை, கம்பனில் பக்தியாகக் கரைந்துவிடுகிறது. வைணவ மரபு அந்தக் கரைசலைத்தான் எடுத்துக்கொண்டது. வேதாந்த தேசிகர் இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே அபயப்ரதான சாரம் என்று ஒரு தனி நூல் எழுதினார். அங்கே வீடணன் சரணாகதியின் இலக்கணம். அகதி தூயவனாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இராமன் சொன்ன அதே புறாக் கதை இன்னோர் அவையிலும் சொல்லப்பட்டது. அந்த அவை ஆந்தைகளுடையது.

பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் நடக்கும் போர். காக அரசன் மேகவர்ணனின் கிழட்டு அமைச்சர் ஸ்திரஜீவி ஒரு திட்டம் போடுகிறார். தன் அரசனோடு சண்டை போட்டதுபோல் நடித்து, இரத்தம் பூசிய உடம்போடு ஆலமரத்தடியில் கிடக்கிறார். ஆந்தைகள் அவரைக் கண்டெடுக்கின்றன. அரசன் அரிமர்த்தனன் தன் ஐந்து அமைச்சர்களையும் கேட்கிறான். இரத்தாட்சன் ஒருவன்தான் கொன்றுவிடச் சொல்கிறான். மற்ற நால்வரும் காப்பாற்றச் சொல்கிறார்கள், ஆளுக்கொரு கதையோடு. அவர்களில் குரூராட்சன் சொல்வது வேடனுக்கு விருந்தான அந்தப் புறாவின் கதை. பெயர் குரூரமான கண் உடையவன்; சொல்வதோ கருணைக் கதை. பஞ்சதந்திரக்காரருக்கு இப்படிப்பட்ட குறும்பு அதிகம்.

காகம் ஏற்கப்படுகிறது. அது இன்னும் ஒருபடி மேலே போய், தீயில் விழுந்து உயிரைவிட்டு அடுத்த பிறவியில் ஆந்தையாகவே பிறந்து பழிதீர்க்க வேண்டும் என்று உருகுகிறது. இரத்தாட்சன் அப்போதும் நம்பவில்லை. சுண்டெலி எத்தனை உருவம் எடுத்தாலும் சுண்டெலியைத்தான் கல்யாணம் செய்துகொள்ளும் என்று கதை சொல்லிக் கேலி செய்கிறான். யாரும் கேட்காததால் தன் கூட்டத்தோடு வேறு இடம் தேடிப் போய்விடுகிறான். ஸ்திரஜீவி கூடு கட்டுகிறேன் என்று சொல்லி நாளுக்கொரு குச்சியாகக் குகை வாசலில் சேர்க்கிறார். கதைப்படி பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது. ஒரு பகல்பொழுதில் காகங்கள் கொள்ளிகளோடு வருகின்றன.

ஒரே புறா, ஓர் அவையில் அபயம், மற்றோர் அவையில் சாம்பல். நூல்கள் வெவ்வேறு, ஒன்று காவியம், மற்றது நீதிநூல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் இரண்டு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. ஆந்தைகளிடம் ஓர் அனுமன் இல்லை. அந்தக் காகத்தை அதன் சொந்த வீட்டில் பார்த்தவர் யாருமில்லை. அதைவிட முக்கியம், காகத்துக்கு என்ன வேண்டும் என்று அரிமர்த்தனன் ஒருபோதும் கேட்கவில்லை. தனக்கென்று எதுவுமே வேண்டாம், உன் இனமாகவே பிறக்க வேண்டும் என்று சொன்னவனை நம்பினான். வால்மீகியின் வீடணனுக்கு வேண்டியது நாடு; கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். புறாக் கதை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் செய்த விசாரணைதான் வேறு.

கௌடில்யர் இதை நிர்வாகப் பிரச்சினையாகவே பார்த்தவர். அர்த்தசாஸ்திரத்தின் ஏழாம் அதிகரணத்தில், விட்டுப் போய்த் திரும்பி வருபவர்களை, போனதற்கு ஒரு காரணம் வந்ததற்கு ஒரு காரணம் என்று தனித்தனியாக ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரிக்கிறார். திருக்குறளுக்குத் தெரிந்துதெளிதல் என்று ஒரு தனி அதிகாரமே உண்டு. மேலே போவோம்.

மூன்றாவது அவை சோழனுடையது. இங்கே வரும் புறா வேறு. பருந்துக்குப் பயந்து சிபியின் மடியில் விழுந்த புறா. சோழர்கள் அந்தச் சிபியைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்டவர்கள். கிள்ளிவளவன் தன் எதிரியான மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக் காலில் இட இருந்தபோது கோவூர் கிழார் தடுத்து நிறுத்தியது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. புலவர் அரசனிடம் கருணை கேட்டுக் கெஞ்சவில்லை. நீ யார் பேரன் தெரியுமா என்று புறாவை எடுத்து முன்னால் வைக்கிறார். இந்தப் பிள்ளைகள் யார் வழியினர் என்று அடுத்துச் சொல்கிறார்: புலவர்களுக்குப் பகுத்துக் கொடுத்து உண்டவர்கள். கடைசியாகப் பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும் அவர்கள் அழுகையை மறந்துவிட்டார்கள். தெரியாத மன்றத்தைப் பார்த்து இப்போதுதான் மிரண்டிருக்கிறார்கள்.

இது புனைகதை இல்லை, உண்மையில் நடந்ததாகக் கொளு சொல்லும் நிகழ்ச்சி. ஆனாலும் இந்த உரைக்குள் அதற்கு இடம் உண்டு, ஏனென்றால் புலவர் பயன்படுத்தும் ஆயுதம் ஒரு கதை. அனுமனின் கணக்கு இங்கே செல்லாது. பகைவனின் குழந்தைகளிடம் பேரம்பேச ஒன்றுமில்லை. அவர்களைக் காப்பாற்றுவதால் சோழனுக்கு எந்த இலாபமும் கிடையாது, வளர்ந்தால் பகையாகத் திரும்பி வரக்கூடிய நட்டம்தான் உண்டு. கணக்கு கைவிடும் இடத்தில் கதைதான் கைகொடுத்திருக்கிறது. அதே கோவூர் கிழார் அடுத்த பாட்டில் உறையூரில் இன்னொரு உயிரைக் காக்கிறார். இளந்தத்தன் என்ற புலவன் பகைவன் நலங்கிள்ளியிடமிருந்து வந்தவன் என்பதால் ஒற்றனாக இருப்பான் என்று நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் போனான். சுக்ரீவனின் சந்தேகம், இம்முறை மனித உருவில்.

எல்லா அரசர்களிடமும் கோவூர் கிழார் போய் நிற்கவில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனார். இருவரும் ஏற்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை: மூவேந்தரும் சேர்ந்து அழித்த ஒருவனின் பெண்களை வீட்டுக்குள் அழைத்தால் அடுத்த முற்றுகை யார் வாசலில் என்ற கணக்குதான். குறுநில மன்னனுக்கு விரல் நுனிப் பலம் கிடையாது.

பலம் குறைந்த அரசனின் திண்டாட்டத்தைக் கிரேக்கர்களைப் போல யாரும் நாடகமாக்கியதில்லை. எஸ்கிலசின் ‘சரண் வேண்டுவோர்’ நாடகத்தில் டனாவுஸின் ஐம்பது மகள்கள் எகிப்திலிருந்து தப்பிக் கடல் கடந்து ஆர்கோஸ் நகரத்துக்கு வருகிறார்கள். பெரியப்பன் மக்கள் ஐம்பது பேர் அவர்களைக் கட்டாயக் கல்யாணம் செய்யத் துரத்தி வருகிறார்கள். அரசன் பெலாஸ்கஸுக்கு முன்னால் இரண்டு பள்ளங்கள்: ஏற்றால் எகிப்தோடு போர், மறுத்தால் தெய்வக் குற்றம். அந்தப் பெண்கள் வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை. எங்கள் மூதாதைத் தாய் இந்த மண்ணில் பிறந்தவள் என்று உறவு சொல்கிறார்கள். அதற்கும் அவன் தயங்கினால், இடைக்கச்சைகளால் உங்கள் தெய்வச் சிலைகளிலேயே தூக்குப் போட்டுக்கொள்வோம் என்று மிரட்டுகிறார்கள். பெலாஸ்கஸ் தானே முடிவு எடுக்கத் துணியாமல் விஷயத்தை ஊர்ச்சபைக்குக் கொண்டுபோகிறான். ஊர் கைதூக்கி ஒருமனதாக ஏற்கிறது. இது கோழைத்தனமா, ஜனநாயகமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போருக்குப் போகப்போவது ஊர்க்காரர்களின் பிள்ளைகள் என்பதால் அவர்களைக் கேட்டது நியாயம் என்றுதான் தோன்றுகிறது. ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீட யெலினெக், மத்தியதரைக் கடலைக் கடந்து வந்தவர்களின் துயரத்தை 2013இல் நாடகமாக எழுதியபோது துணைக்கு அழைத்தது இந்த நாடகத்தைத்தான்.

யூரிப்பிடீஸ் இன்னும் கசப்பானவர். ‘ஹெராக்ளீஸின் பிள்ளைகள்’ நாடகத்தில் ஏதென்ஸ் அரசன் டெமோபோன் அகதிகளை ஏற்கிறான், போருக்கும் தயாராகிறான். அப்போது ஒரு தெய்வவாக்கு: உயர்குலக் கன்னி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் வெற்றி. டெமோபோனின் இலட்சியம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. என் மகளைக் கொடுக்க மாட்டேன், என் குடிமக்களில் யாரையும் கட்டாயப்படுத்தவும் மாட்டேன் என்கிறான். அவன்மேல் குறை சொல்ல முடியாது. அகதிப் பெண் ஒருத்தியே, ஹெராக்ளீஸின் மகளே, முன்வந்து உயிரைக் கொடுக்கிறாள். வெற்றி வருகிறது. துரத்திவந்த யூரிஸ்தியுஸ் கைதியாகிறான். கைதியைக் கொல்வது ஏதென்ஸ் வழக்கமில்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட பாட்டி அல்க்மினி கொன்றே தீர்வேன் என்று நிற்கிறாள். சாகப்போகும் எதிரி அப்போது ஒன்று சொல்கிறான். என் சமாதி உங்கள் ஊரைக் காக்கும். நீங்கள் இன்று காப்பாற்றிய இந்தப் பிள்ளைகளின் சந்ததியார் நன்றி மறந்து படையெடுத்து வரும்போது அவர்களுக்கு எதிராக நிற்கும். நாடகம் அரங்கேறியது கி.மு. 430ஐ ஒட்டி என்பது பொதுவான கருத்து. அந்தச் சந்ததியார் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஸ்பார்ட்டாக்காரர்களோடு கி.மு. 431இல் தொடங்கிய போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்!

ரோமக் கவி வர்ஜிலின் டிடோ தானே அகதி. கணவனைக் கொன்ற அண்ணனுக்குத் தப்பி, தீரு நகரத்தைவிட்டுக் கப்பலேறி வந்து கார்த்தேஜைக் கட்டியவள். கரையொதுங்கிய டிராய் நாட்டவரை அவளது காவலர்கள் முதலில் விரட்டுகிறார்கள். அதற்கு அவள் தரும் விளக்கம் எந்த உள்துறை அமைச்சர் வாயிலும் பொருந்தும்: புது நாடு, இக்கட்டான நிலைமை, எல்லைக் காவல் தவிர்க்க முடியாதது. அடுத்த மூச்சிலேயே, விரும்பினால் இங்கேயே தங்குங்கள், இந்த நகரம் உங்களுடையதும்தான், என் மக்களுக்கும் உங்களுக்கும் வேறுபாடு பார்க்க மாட்டேன் என்கிறாள். வந்தவர்கள் முதல் பேச்சிலேயே இத்தாலிக்குப் போகும் வழியில் வந்தோம் என்று சொல்லிவிட்டார்கள். காதல் கண்ணை மறைத்ததால் அது அவள் காதில் ஏறவில்லை. அவள் அழிந்தது கருணையால் என்று சொல்பவர்கள் உண்டு. வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் மறந்ததுதான் காரணம்.

நம் பக்கத்தில் அகதி விட்டுப்போன ஒரு பொருள் நூறு ஆண்டுப் போருக்குக் காரணமான கதை உண்மையிலேயே நடந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் இலங்கைக்கு ஓடினான். அங்கே அரசன் உதவ நினைத்தும் பிரபுக்களுக்குள் பூசல் வந்து காரியம் கெட்டது. பாண்டியன் மனம்நொந்து, தன் முடியையும் மற்ற அரச சின்னங்களையும் அங்கேயே வைத்துவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். சூளவம்சம் சொல்லும் செய்தி இது. ஆள் போய்விட்டான், முடி நின்றுவிட்டது. பராந்தகன் கேட்டான், கிடைக்கவில்லை, படையெடுத்தான், அப்போதும் கிடைக்கவில்லை. கடைசியில் இராசேந்திர சோழன்தான் 1017ஆம் ஆண்டையொட்டி அதைக் கைப்பற்றினான். அடைக்கலம் கேட்டு வந்தவனுக்கு அரைகுறையாக உதவிவிட்டு அவன் மூட்டையை மட்டும் வைத்துக்கொண்டதற்கு அந்தத் தீவு கொடுத்த விலை அது.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அந்த முடியைக் கதைக்குள் கொண்டுவருகிறது. எதிரியை நடத்தும் விஷயத்தில் அந்த நாவலின் உண்மையான அச்சாணி ஒரு குடிசை. காயம்பட்டுப் படுத்துக்கிடக்கும் வீரபாண்டியன். காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கும் நந்தினி. வெறியில் தலையை வெட்டிவிடும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். கல்வெட்டுகளில் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்பது பெருமைப் பட்டம். கல்கி அந்தப் பட்டத்தைப் பிரித்து உள்ளே ஒரு குற்றவுணர்ச்சியை வைத்தார். வென்ற பிறகு ஏன் வெட்டினாய் என்று யாரும் கேட்காத அரசகுமாரனுக்கு அவன் மனமே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்களுக்குக் கதை அதிலிருந்துதான் ஓடுகிறது. சாதாரண வணிகப் பத்திரிகைத் தொடர் என்று கல்கியை ஒதுக்கும் விமர்சகர்கள் இந்த இடத்தை மறுபடி படிக்கலாம்.

ஆங்கிலக் கற்பனை நாவல்களில் இதே வழக்கு இப்போது சூடாக நடக்கிறது. ‘சிம்மாசனங்களின் ஆட்டம்’ தொடரை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின், 2014இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் டோல்கீனின் அரசன் அரகார்னைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். நல்லவனாக இருந்தான், நன்றாக ஆண்டான் என்று எழுதினால் போதுமா? வரி எவ்வளவு போட்டான்? போருக்குப் பிறகு மிச்சமிருந்த எதிரி இனமான ஓர்க்குகளை, அவர்கள் குழந்தைகள் உட்பட, என்ன செய்தான்? கேள்வி நியாயமானது, குற்றச்சாட்டு பாதிதான் நியாயம். சரணடைந்த கிழக்கத்தியரை அரகார்ன் மன்னித்தான், ஹரத் நாட்டாரோடு சமாதானம் செய்தான், மோர்டோரின் அடிமைகளை விடுவித்து நூர்னன் ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தை அவர்களுக்கே கொடுத்தான் என்று 1955இல் வெளியான தன் நாவலின் மூன்றாம் பாகத்தில் டோல்கீன் எழுதியிருக்கிறார். நிலம் கொடுத்தது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஓர்க்குகளைப் பற்றிய கேள்விக்கு அங்கே பதில் இல்லை என்பதும் உண்மை.

மார்ட்டினின் சொந்தப் பதில், வட எல்லைச் சுவரைக் காக்கும் படையின் தலைவன் ஜான் ஸ்னோ. 2011இல் வந்த ஐந்தாம் நாவலில், எட்டாயிரம் ஆண்டுப் பகைவர்களான வடக்கத்திக் காட்டு மக்களைச் சுவரைத் தாண்டி உள்ளே விடுகிறான். அவன் காரணம் கருணையைவிடக் கணக்கு: வெளியே செத்தால் நடைப்பிணங்களாக எழுந்து எதிரியின் படையில் சேர்வார்கள். பிணையாகச் சிறுவர்களை வாங்கிக்கொள்கிறான், வைத்திருந்த பொன்னையும் பொருளையும் வாங்குகிறான். எல்லாம் அனுமன் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடுகள். ஆனால் அவன் தளபதிகளில் ஒருவர், பண்டகசாலைப் பொறுப்பாளர் போவென் மார்ஷ், குளிர்காலத்துக்குத் தானியம் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பவர். புதிதாக வந்த வாய்களுக்குப் போட்டால் நமக்கு எத்தனை நாள் வரும் என்பது அவர் கவலை. கடைசியில் ஜானைக் குத்தக் கத்தியோடு வந்தவர்களில் அவரும் ஒருவர். குத்தும்போது அவர் கண்ணில் நீர். நாவலில் ஜான் வேறோர் ஊர்மேல் படையெடுக்கப் போவதாக அறிவித்ததும் உடனடிக் காரணம். தொலைக்காட்சித் தொடரில் காட்டு மக்களை உள்ளே விட்டதே காரணம். மூட்டை எண்ணுபவரைக் கெட்டவராகக் காட்டாமல் விட்டதில் மார்ட்டின் நேர்மையாக இருந்தார். ஜானின் தவறு அகதிகளை ஏற்றதில் இல்லை. பெலாஸ்கஸ் செய்த அந்தக் காரியத்தை, ஊரைக் கூட்டிக் கைதூக்கச் சொன்னதை, அவன் செய்யாததில் இருந்தது.

இவ்வளவு நேரம் கதவைத் திறந்தவர்கள் பக்கமிருந்தே பேசியாயிற்று. வெளியேறி வந்தவனின் ஊரிலிருந்து பார்த்தால் கதை தலைகீழ். தமிழ் அரசியல் மேடையில் ‘விபீஷணன்’ என்பது எட்டப்பனுக்கு அடுத்த வசைச்சொல். வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர் 1861இல் எழுதிய ‘மேகநாத வத காவிய’த்தில், எதிரியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் சித்தப்பனைப் பார்த்து இராவணன் மகன் மேகநாதன் பேசும் இடம் அந்த நூலின் உச்சம். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. அங்கே வீடணன் துரோகி, சந்தேகமேயில்லை. அந்தப் பார்வையைப் புறந்தள்ள முடியாது. மேகநாதனின் நிகும்பலை வேள்வி எங்கே நடக்கிறது என்று இலக்குவனுக்குக் காட்டிக்கொடுத்தது வீடணன்தானே. அனுமனின் கணக்கு பலித்தது அங்கேதான், ஓர் அண்ணன் மகனின் உயிரில்.

கம்பனே இதற்கு எதிர்க்கட்சி ஒன்றை வைத்திருக்கிறான். கும்பகருணன் களத்துக்கு வந்ததும், இவனையும் நம் பக்கம் அழைத்துக்கொள்ளலாம் என்று வீடணன் தூது போகிறான். எளிதில் கிடைக்காத வாய்ப்பு; இராவணன் தோற்கப்போவது கும்பகருணனுக்கு நன்றாகத் தெரியும், அண்ணன் செய்தது தவறு என்பதும் தெரியும். ஆனாலும் மறுக்கிறான். என்னை இத்தனைநாள் சோறுபோட்டு வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்காகச் சாவேன் என்கிறான். தம்பியிடம் கோபமில்லை; நீ போய்ப் பிழைத்துக்கொள், எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவன் வேண்டுமே என்கிறான். கம்பனைப் படித்துவிட்டு எழுந்தவர்களில் பலருக்குக் கும்பகருணன்தான் மனதில் தங்குகிறான், வீடணன் இல்லை.

இராவணன் விழுந்த பிறகு வால்மீகி எழுதுவதோடு முடித்துக்கொள்ளலாம். அவனுக்கு ஈமக்கடன் செய்ய வீடணன் தயங்குகிறான்; அறம் தவறியவனுக்கு நான் எப்படிச் செய்வேன் என்கிறான். பகை சாவோடு தீர்ந்துவிட்டது, செய், உனக்கு அவன் எப்படியோ எனக்கும் அப்படியே என்கிறான் இராமன். அடைக்கலம் வந்தவனைவிட அடைக்கலம் கொடுத்தவன் எதிரியிடம் மென்மையாக நடந்துகொள்ளும் விநோதம். புதிதாக வந்தவனுக்குத் தன் விசுவாசத்தைக் கடைசிவரை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்கும்.

பட்டாபிஷேகம் முடிந்து வீடணன் ஊர் திரும்பும்போது இராமன் தன் குலதெய்வமான அரங்கநாதரை அவன் கையில் கொடுத்தனுப்பியதாகத் தலபுராணம் சொல்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அவன் இறக்கிவைத்தான். திரும்ப எடுக்க வரவில்லை. இலங்கை வரை வர மாட்டேன், இங்கிருந்தே உன் நாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பெருமாள் சொன்னாராம். அதனால்தான் திருவரங்கத்தில் அவர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் என்பார்கள்.